ஐந்து வயிறும் ஒரு மூக்கும்

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் இருந்தவர்கள் நைனா, அம்மா, அக்கா, அக்காவைக் கட்டிய மாமா, நான். அப்புறம் கருவாயன். இல்லாதவர் என்று பார்த்தால், விஷயம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவன் ஒருத்தன் வீட்டிலேயே இருக்கிறான் என்று எல்லோரும் மனதார நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒருத்தன் நான்தான்.

கருவாயன் எங்கள் நாய். உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் கரிச்சட்டியில் முக்கி எடுத்தது போல இருக்கும். சாமைக் கொல்லையில் பன்றி இறங்கினால் நைனாவுக்கு முன்னால் அதுதான் ஓடும். நைனா அதிகம் பேசாத மனிதர். எங்களிடம் பேச வேண்டியதை எல்லாம் சேர்த்து அதனிடம் பேசிவிடுவார் என்று அம்மா சொல்லுவாள்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். மலை மேல் உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்து, கீழே இறங்கிப் பதினொன்றாம் வகுப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வேலை வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று வீட்டாருக்கு அறிவு புகட்டிக்கொண்டிருந்தேன். கேழ்வரகில் என்ன சத்து இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுவேன் (காலமெல்லாம் அதைத்தான் களி கிண்டிப் போட்டு என்னை வளர்த்தாள்). மழை எப்படி உண்டாகிறது என்று நைனாவிடம் விளக்குவேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்டியா?" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். அந்த "அப்டியா"வில் கேலி இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கேலியே கிடையாது. அவர் நிஜமாகவே நம்பினார்.

அந்தச் சாயங்காலத்துக்குச் சில நாள் முன்பு மாமாவும் நானும் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தோம். மாமா பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பரியப் பணத்துக்குப் பதிலாக எங்கள் நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்தவர். கைக்கு வேலையும் வாய்க்குப் பேச்சும் ஓயாது. கருவாயனும் கூட வந்தது. நல்ல வெயில் காலம். ஓடை வற்றி, பாறைக்கு நடுவே ஒரு குட்டை மட்டும் மிச்சம். மாமா சுரைக்குடுக்கையில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வந்திருந்தார். எனக்குக் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

"மாமா, தண்ணி தெளிவா கீது பாருங்க. தெளிஞ்ச தண்ணி நல்ல தண்ணி. பாடத்துலயே வருது" என்றேன்.

(பாடத்தில் வந்தது தெளியவைத்து, வடிகட்டி, காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று. முதல் சொல் மட்டும் எனக்கு நன்றாக மனப்பாடம்.)

குப்புறப் படுத்து வாய் வைத்து உறிஞ்சினேன். பக்கத்தில் கருவாயன் நக்கி நக்கிக் குடித்தது. மாமா பாறை மேல் உட்கார்ந்து, "ரெண்டும் சோடிதான்" என்று சிரித்தார்.

திரும்பி வந்த பிறகு எனக்கு லேசாக ஜலதோஷம் பிடித்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவாயனுக்குப் பிடித்ததைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் தலையை உதறியது. பிறகு முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. களியை வைத்தால் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். குரைப்பு மாறி, தொண்டையில் துணி அடைத்தது போல ஒரு சத்தம் வந்தது. முதலில் சொன்ன அந்தச் சாயங்காலம் அம்மா சட்டியில் தண்ணீர் வைத்தாள். கருவாயன் மூக்கைக் கிட்டே கொண்டுபோனது. என்னவோ சுட்டது போலத் துள்ளிப் பின்னால் விழுந்து, புழுதியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு ஓலமிட்டது. வாயோரம் நுரை. நுரையில் ரத்தம்.

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டால் ஒரு சிலிர்ப்பு வருமே, இது அந்தச் சிலிர்ப்பு. 'வெறிநாயின் அறிகுறிகள் யாவை?' ஐந்து மதிப்பெண். ஐந்தும் வாங்கியிருந்தேன். உணவை மறுக்கும், குரல் மாறும், வாயில் நுரை தள்ளும், நிலைகொள்ளாது அலையும், தண்ணீரைக் கண்டு அஞ்சும். ஐந்தும் என் கண் முன்னால் வரிசையாக நின்றன.

"யாரும் கிட்ட போவாதீங்க!" என்று கத்தினேன். "வெறி! அது வாய்கிட்ட ஒருத்தரும் போவக்கூடாது. எச்சி பட்டா போதும், செத்துடுவோம்."

நைனா அப்போதுதான் அதன் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்க்கக் குனிந்திருந்தார். என் சத்தத்தில் கையை எடுத்துவிட்டார்.

"நல்லாப் பாத்துதான் சொல்றியாடா?" என்றார்.

"பாக்க வேண்டியதே இல்ல நைனா. எல்லாம் அப்டியே பொருந்துது."

அம்மா மட்டும், "மூக்குலருந்து தான்டா ரத்தம் வர்றா மாரி கீது" என்றாள்.

"வெறி முத்திட்டா எங்கிருந்து வேணும்னாலும் வரும்மா" என்றேன். இது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கியது.

எங்கள் ஊரில் வெறி என்று ஒரு நாயைப் பற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் அது சொன்னவன் கையில் இல்லை. ஊர்க்கவுண்டர் வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்தார். "படிச்ச புள்ள சொல்றான். அப்புறம் இன்னா? ஆடு மாடு கீது, கொழந்தைங்க கீது. காலைல முடிச்சுடு" என்று நைனாவிடம் சொன்னார். தன் நாட்டுத் துப்பாக்கியையும் கொடுத்தனுப்பினார். வளர்த்தவன்தான் முடிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

நான் சொன்னது ஒரு பதில். அதற்கு மதிப்பெண் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேனே தவிர, துப்பாக்கி கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் வாபஸ் வாங்க எனக்கு வழி தெரியவில்லை. பரீட்சையில் எழுதிக் கொடுத்த பிறகு பேப்பரைத் திருப்பிக் கேட்க முடியுமா?

விடிந்ததும் நைனா கருவாயனைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு கிளம்பினார். எங்கேயோ காவலுக்குப் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ, அந்த உடம்போடும் அது முன்னால் ஓடியது.

"நானும் வர்றேன் நைனா" என்றேன்.

"நீ வாணாம். நீ படிச்ச புள்ள" என்றார்.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நைனா வெறும் கயிற்றோடு திரும்பி வந்து, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் துக்கம். நான் நிறுத்தவில்லை. நாய் எல்லோரையும் நக்கியிருக்கிறதே! புளி உடைக்கிற காலம். எங்கள் எல்லோர் கையிலும் ஓடு கிழித்த கீறல். "ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். வயித்துல பதினாலு ஊசி. இல்லன்னா அஞ்சு பேரும் கொரைச்சுக்கினே சாவோம்" என்றேன். அம்மா உலையை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மலையிறங்கி, பஸ் பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் போய் நின்றோம். டாக்டர் களைத்துப் போன முகத்தோடு இருந்தாலும் பொறுமையாகக் கேட்டார். கடித்ததா? இல்லை. நக்கியதா? ஆமாம். கையைக் காட்டச் சொன்னார். ஐந்து ஜோடிக் கைகள் மேஜை மேல் நீண்டன. எல்லாவற்றிலும் கீறல்.

"நாய் எங்க? கட்டி வெச்சுப் பத்து நாள் பாருங்க. அது நல்லா இருந்துச்சுன்னா ஊசிய பாதியிலயே நிறுத்திடலாம்."

"சுட்டாச்சுங்க" என்று நான்தான் சொன்னேன். நைனா சுவரைப் பார்த்தார்.

"அப்போ வேற வழியில்ல. ஆளுக்குப் பதினாலு" என்றார் டாக்டர்.

தினமும் மலை ஏறி இறங்க முடியாது. நாங்கள் வழக்கமாகப் புளி போடுகிற மண்டிக்காரர் திருப்பத்தூரில் தம் கிடங்கின் ஒரு மூலையில் தங்கவிட்டார். சும்மா இருக்கிற நேரத்தில் அவருடைய புளியைக் கொட்டை எடுத்துக் கொடுத்தோம். எங்கள் மரத்துப் புளி மேலே குரங்குக்குப் போய்க்கொண்டிருக்க, கீழே ஊரார் புளியை நாங்கள் உடைத்தோம்.

ஊசியைப் பற்றி என்ன சொல்ல? தொப்புளைச் சுற்றி, இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம். போட்ட இடம் வடை மாதிரி வீங்கும். மாமா ஊசியைப் பார்த்த உடனே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்கிப் பிடிக்கத் தினமும் ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்மா மறைப்புக்குப் பின்னாலிருந்து, "புள்ள பெத்தப்பகூட இத்தினி பேரு என் வவுத்தப் பாக்கலடா சடையா!" என்று கத்துவாள். (சடையன் என் பெயர். அந்த நாட்களில் அதைக் கேட்டாலே எனக்கு வயிறு வலிக்கும்.) நைனா மட்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு மரம் மாதிரி நிற்பார். சாப்பாடு பாதிதான் இறங்கும். மலைப் பக்கமிருந்து மண்டிக்கு யார் வந்தாலும், "மேல எல்லாம் நல்லா கீறாங்களா? யாருக்கும் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பார். ஊர்ப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி ஊசி முடிந்திருக்கும்போது என் ஜலதோஷம் முற்றியது. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. ஒரு காலை கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவன் தும்மினேன். புளி மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டேன். பரிசோதனை செய்து பார்ப்பதுதானே விஞ்ஞானம்? சொம்பை முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன். மூக்குக்குள் ஏதோ ஒன்று நெளிந்து முன்னால் வந்தது. சொம்பைத் தூக்கி எறிந்தேன். தண்ணீரைக் கண்டு அஞ்சியாகிவிட்டது. ஐந்துக்கு ஐந்து.

"அக்கா, எங்கிட்ட வராத" என்றேன்.

"இன்னாடா?"

"எனக்கு வந்துட்ச்சு."

அக்கா போட்ட கூச்சலில் மண்டியே கூடிவிட்டது. நான் கிடங்கின் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டு கடமையாகச் சொன்னேன்: "மாமா, என்னெக் கட்டுங்க. கட்டித்தான் இட்டுக்கினு போவணும். வாய்கிட்ட வராதீங்க." மாமா துண்டை எடுத்துக்கொண்டு, முடிச்சுப் போடுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். "மச்சான், நீ பெரிசா வருவேன்னு நெனச்சேன்டா" என்று அப்போதே என்னைப் பற்றி இறந்தகாலத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்.

நைனா கட்டவிடவில்லை. மாமாவைத் தள்ளிவிட்டு நேராக வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நைனா, எச்சி படும்" என்றேன். "பட்டா பட்டும்" என்றார். தோளில் கை போட்டபடியே ஆஸ்பத்திரி வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். வழியெல்லாம் நான் அவருக்கு என் கடைசி ஆசைகளைச் சொன்னேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிப்பதும் அதில் ஒன்று. செத்தவனுக்கு வேலை எதற்கு என்று எனக்கும் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை.

டாக்டர் டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதன் மேல் முகத்தைக் கவிழ்த்து அசையாமல் இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று தலையை நீட்டி, தண்ணீரைத் தேடியது. இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. விரல் நீளத்துக்கு நீர் அட்டை. என் ரத்தத்தைக் குடித்து நன்றாகக் கொழுத்திருந்தது.

"குட்டையில, ஓடையில வாய் வெச்சுக் குடிச்சியா?"

"ஆமாங்க. கடுக்காய்க்குப் போனப்ப. நாயும் நானும் பக்கத்துல பக்கத்துல…"

அம்மா பேசினையே பார்த்தாள். மாமா உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நாய்க்கு என்ன இருந்துச்சு?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். ஐந்து அறிகுறியையும் ஒப்பித்தேன். வரிசை தப்பவில்லை.

"தண்ணியைக் கண்டு பயப்படறது வெறி புடிச்ச மனுஷனுக்குத்தான்ப்பா. நாய்க்குச் சொன்னது இல்ல. தண்ணி வாசனைக்கு அட்டை அசைஞ்சிருக்கும். நாய் துள்ளியிருக்கும்."

"அதுக்கு எனக்கு அஞ்சு மார்க் போட்டாங்க சார்" என்றேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குச் சொல்லத் தோன்றியது அதுதான். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது.

திரும்பிப் பார்த்தேன், நைனாவைக் காணோம். வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே பேசினார்.

"வானத்தப் பாத்துதான் சுட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"கயித்த அவுத்துட்டு சுட்டேன். ஓடிப் போய்ட்ச்சு."

"ஏன் நைனா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? வெறி நாய வுட்டுட்டேன்னா? நீ சொன்ன நாள்லருந்து, அது எந்தக் கொழந்தயக் கடிக்குதோ, எந்தப் பட்டியில பூருதோன்னு… தூக்கம் வரலடா."

"நா சொன்னத நம்பலியா?"

"நம்பினேன். நம்பியும் கை வரல" என்றார்.

நாய் உயிரோடு இருக்கலாம் என்றதும் டாக்டரிடம் ஓடினோம். "கொண்டு வாங்க. நல்லா இருக்குன்னு கண்ணால பாத்தா இன்னையோட ஊசிய நிறுத்திடறேன்" என்றார். மாமா மலையேறினார். (ஊசியிலிருந்து தப்பிக்கிற வெறியில் அவர் அவ்வளவு வேகமாக ஏறியதைப் பார்த்தவர்கள் அதற்கும் ஊசி போடலாமா என்று கேட்டிருப்பார்கள்.) சுற்றுவட்டக் காடெல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். கருவாயன் எங்கேயும் இல்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அட்டையாத்தான் இருக்கும்னு நானும் நெனைக்கிறேன். ஆனா நெனைப்ப நம்பி அஞ்சு உசுரோட வெளையாட முடியுமா? சட்டையத் தூக்குங்க."

அப்படியாக, இல்லாத வியாதிக்கு, இல்லை என்று தெரிந்துகொண்டே, மிச்ச ஊசியையும் போட்டுக்கொண்டோம். முதல் பாதியில் பயம் இருந்தது. பயத்தில் வலி அவ்வளவு தெரியவில்லை. இரண்டாம் பாதியில் வலி மட்டும்தான். ஊசி ஏறும்போதெல்லாம் அக்கா மறைப்புக்குப் பின்னாலிருந்து நர்ஸம்மாவிடம் முறையிடுவாள்: "அட்டை அவன் மூக்குல, ஊசி எங்க வவுத்துல. இது எந்த ஊரு நாயம்?"

மலைக்குத் திரும்பியபோது புளிய மரங்களில் குரங்குகள் மிச்சம் வைத்ததுதான் இருந்தது. கொஞ்ச நாளில் சேதி வந்தது: மேட்டுக்கு அப்பால் ஒரு ஊரில் ஆட்டுப் பட்டி வைத்திருப்பவரிடம், வாய் கறுத்த செவலை நாய் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். நைனாவும் நானும் போனோம். அவர் நடந்த நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கருவாயன்தான். தேறி, பளபளவென்று இருந்தது. "வந்தப்போ செத்துடும்னு நெனச்சேங்க" என்றார் பட்டிக்காரர். "ஒரு நா தும்முச்சு பாருங்க, இம்மாம் பெரிய அட்டை வந்து வுழுந்துச்சு. இன்னான்னு பாக்கறதுக்குள்ள கோழி கொத்திக்கினு போய்ட்ச்சு."

நைனா கொஞ்சம் தூரத்திலேயே நின்று கூப்பிட்டார். கருவாயன் காதைத் தூக்கியது. வால் ஒரு தடவை ஆடியது. நைனா ஒரு அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான், வாலைக் கால் நடுவே இடுக்கிக்கொண்டு ஆட்டுக் கூட்டத்துக்குள் பதுங்கிவிட்டது. வெடிச் சத்தம் அதன் காதில் இன்னும் இருந்திருக்க வேண்டும். நைனா உட்கார்ந்து பார்த்தார். மடியிலிருந்து கருவாட்டுத் துண்டை எடுத்து நீட்டிப் பார்த்தார். பேசிக்கூடப் பார்த்தார், வீட்டில் பேசுவாரே அந்தக் குரலில். அது வெளியே வரவில்லை.

"கட்டி இட்டுக்கினு போங்க, உங்க நாய்தானே" என்றார் பட்டிக்காரர்.

"வாணாம்" என்றார் நைனா. "இங்கியே இருக்கட்டும். நல்லா கீது." கருவாட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். எதைப் பற்றியும் எதையும் விளக்காமல் நான் நடந்த முதல் தொலைவு அதுதான்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றோ, பஸ் இந்த வழியாகப் போகாது என்றோ நான் உறுதியாக ஏதாவது சொன்னால், அக்கா எதிர்த்து ஒன்றும் பேசமாட்டாள். மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிக்கொள்வாள். அதைப் பார்த்து மாமா தடவுவார். விவரம் தெரியாத பேரப் பிள்ளைகள்கூட வரிசையாக உட்கார்ந்து வயிற்றைத் தடவும். நான் வாயை மூடிக்கொள்வேன்.

புதிதாக வீட்டுக்கு வந்த மருமகள்கள் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "மொத்தம் எவ்ளோ ஊசி அத்தே?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடமே போகாத அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்து நிலைத்த ஒரே பெருக்கல் கணக்கு அதுதான். "ஆளுக்குப் பதினாலு. அஞ்சு பேரு. எழுவது" என்பாள் பட்டென்று.

நைனா இருந்தவரைக்கும் அந்தக் கணக்கை அதோடு முடியவிட்டதில்லை. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, யாரையும் பார்க்காமல் கூட்டிச் சொல்வார்: "எழுவது ஊசி. ஒரு நாயி."